தடுக்கும் கையும் எழுதும் கையும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் நிகழ்த்திய உரை)

 

கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் தற்காப்புரிமையைப் பற்றிப் பேசுவதா என்று நண்பர் சிலர் கேட்டனர். பள்ளியும் விடுதியும் உதவித்தொகையும் பேசப்பட வேண்டிய மேடையில் அடிதடிப் பேச்சு எதற்கு என்பது அவர்தம் கவலை. அக்கவலையை நாம் மதிக்கின்றோம். ஆயினும் படிப்பை இடையில் விட்ட நம் பிள்ளைகளை எண்ணிப் பார்த்தால், வறுமையோடு வழக்கும் ஒரு காரணமாக நிற்பதைக் காண்கின்றோம். திருவிழா இரவில் ஒரு கலவரம். மறுநாள் காலை காவல் நிலையத்துப் பதிவேட்டில் நம் பையனின் பெயர். பின்னர் அவன் அரசுப் பணித் தேர்வில் வென்றாலும், நன்னடத்தை விசாரணையில் அந்தப் பெயர் எழுந்து நின்று வழி மறிக்கின்றது. ஆதலின் இது கல்விச் சங்கத்தின் பொருளே என்று துணிந்தோம்.

நம் தெருக்களில் இதுபற்றி இரண்டு குரல்கள் நெடுங்காலமாக வாதிட்டு வருகின்றன. ஒன்று பெரியவர்களின் குரல். “கையை ஓங்காதே, ஓங்கினால் வேலை போகும், கூலி போகும், இருக்கிற குடிசையும் போகும்” என்பது அது. அதனைக் கோழைத்தனம் என்று தள்ளிவிடல் எளிது. ஆனால் இழந்தவர்களின் அனுபவம் அதில் இருக்கின்றது. மற்றொன்று இளைஞர்களின் குரல். “எத்தனை நாளைக்கு வாங்கிக்கொண்டே இருப்பது? அடித்தால் திருப்பி அடிப்போம்” என்பது அது. அதிலும் நியாயம் இருக்கின்றது. ஆனால் இவ்விரு சாராரும் சட்டம் என்ன சொல்கின்றது என்பதைக் கேளாமலே வாதிடுகின்றனர். திருப்பி அடித்தால் எப்படியும் குற்றம் என்று பெரியவர் நினைக்கின்றார். முதலில் அடித்தவன் அவன் ஆதலால் எப்படி அடித்தாலும் குற்றமன்று என்று இளைஞன் நினைக்கின்றான். இருவர் நினைப்பும் பிழை. அந்தப் பிழையை விளக்குவதே இவ்வுரையின் நோக்கம்.

முதலில் சட்டத்தின் வரலாற்றைச் சிறிது பார்ப்போம். மெக்காலே தலைமையில் அமைந்த முதலாவது சட்ட ஆணையம் 1837ஆம் ஆண்டில் தண்டனைச் சட்ட வரைவை அளித்தது. அது திருத்தங்களோடு 1860இல் சட்டமாகி, 1862 சனவரி முதல் நாளில் நடைமுறைக்கு வந்தது. வரைவை எழுதியோர் தற்காப்பைப் பற்றிக் குறிப்பெழுதுகையில், இந்நாட்டு மக்கள் தீங்குக்கு எளிதில் பணிந்து விடுவதையே கவலையோடு நோக்கினர்; தற்காப்புக்கு மேலும் மேலும் தடை விதிப்பதைவிட எதிர்த்து நிற்கும் உணர்வை ஊக்குவதே தம் விருப்பம் என்று கூறினர். அயலவர் ஆட்சிக்காக எழுதப்பட்ட சட்டம்தான் அது. எனினும் அவ்வதிகாரங்களில் ‘எந்த ஒருவருக்கும்’ உரிமை என்று எழுதினார்களே அன்றி, இன்ன சாதியார்க்கு என்று எழுதவில்லை. மனுவின் நூல் ஆண்ட நிலத்தில் இது சிறிய மாற்றமன்று.

2024 சூலை முதல் நாளிலிருந்து அந்தப் பழைய சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா என்னும் 2023ஆம் ஆண்டுச் சட்டம் வழங்குகின்றது. பழைய சட்டத்தில் 96 முதல் 106 வரை இருந்த தற்காப்புப் பிரிவுகள் இப்போது 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகளாக நிற்கின்றன. எண்கள் மாறினவேயன்றிக் கருத்து மாறவில்லை.

அக்கருத்து இதுதான். தற்காப்புரிமையைப் பயன்படுத்திச் செய்யும் செயல் எதுவும் குற்றமாகாது. தன் உடலை மட்டுமன்றிப் பிறர் உடலைக் காக்கவும் ஒருவனுக்கு உரிமை உண்டு. அடுத்த வீட்டுத் தாயைக் காக்கச் சென்றவனும் இவ்வுரிமைக்கு உட்பட்டவனே. அடி விழும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. ஆபத்து வரும் என்ற நியாயமான அச்சம் தோன்றிய கணத்திலேயே உரிமையும் தோன்றுகின்றது. உயிர் போகும் என்றோ, கொடுங்காயம் விளையும் என்றோ நியாயமாக அஞ்சும் நிலையில், தாக்குகின்றவனின் உயிர் போயினும் தற்காத்தவன் குற்றவாளியல்லன். பாலியல் வன்கொடுமையும் ஆட்கடத்தலும் இவ்வரிசையில் சேர்ந்தவை. அமில வீச்சு 2013இல் சேர்க்கப்பட்டது. உடைமையைப் பொறுத்தவரை, மனிதர் வாழும் குடியிருப்புக்குத் தீ வைப்பவனை எதிர்க்கையிலும் உரிமை அந்த எல்லைவரை செல்கின்றது. குடிசையில் வாழும் மக்களாகிய நாம் இந்த ஒரு விதியையேனும் மனத்தில் பதித்துக்கொள்ளல் வேண்டும்.

இனி, எல்லைகளைக் காண்போம். உரிமையைப் பேசுவோர் பலர் இவ்விடத்தில் நின்று விடுகின்றனர். எல்லையைச் சொல்லாமல் உரிமையை மட்டும் சொல்வது நம் பிள்ளைகளைக் குழியில் தள்ளுவதற்கு ஒப்பாகும்.

முதல் எல்லை: காவலர் முதலிய அரசு அலுவலரின் பாதுகாப்பைப் பெற நேரம் இருக்குமாயின், தற்காப்புரிமை எழாது. நாளைக்கு வருவேன் என்று ஒருவன் மிரட்டினால் இன்றைக்கே சென்று அவனை அடிக்க முடியாது. இரண்டாம் எல்லை: தடுப்பதற்குத் தேவையான அளவுக்கு மேல் தீங்கு செய்தல் ஆகாது. பொன் நிறுக்கும் தராசில் அடிகளை நிறுத்துப் பார்க்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் பலமுறை கூறியிருப்பது மெய்யே. ஆயினும் கம்புக்கு அரிவாள் என்று கணக்குப் போடுபவனுக்கு அத்தீர்ப்புகள் துணை நில்லா. மூன்றாம் எல்லை: ஆபத்து ஒழிந்த கணத்தில் உரிமையும் ஒழிந்தது. ஓடுகின்றவனைத் துரத்தி அடிப்பது பழிவாங்கலேயன்றித் தற்காப்பன்று. நான்காம் எல்லை: இரு தரப்பாரும் நேரம் குறித்துத் துணிந்து மோதும் சண்டையில் எத்தரப்புக்கும் தற்காப்புரிமை இல்லை. ஐந்தாம் எல்லை: கடமையின்பேரில் நல்லெண்ணத்தோடு செயற்படும் அரசு அலுவலரின் செயலை எதிர்த்து, அச்செயல் உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ நியாயமான அச்சம் தராதவரை, இவ்வுரிமை இல்லை.

உரிமையின் எல்லையை நல்லெண்ணத்தோடு மீறி ஒருவன் உயிர் போக்கினால், அது கொலைக் குற்றமாகாமல் அதனினும் குறைந்த குற்றமாகும். ஆனால் குறைந்த குற்றத்துக்கும் சிறை உண்டு என்பதை மறவாதிருப்போமாக.

நம் சட்ட நூல் எடுத்துக்காட்டுகளைக் கொண்டு விளக்கும் முறையைக் கையாள்கின்றது. அம்முறையில் நாமும் ஒன்று அமைத்துக் காண்போம். ‘அ’ என்பவன் சேரியில் வாழும் கல்லூரி மாணவன். ‘க’ என்பவன் ஊர்த்தெருவைச் சேர்ந்தவன். திருவிழா இரவில் ‘க’ அறுவரோடு கம்பும் கட்டையும் ஏந்திச் சேரிக்குள் நுழைகின்றான். ‘அ’வின் வீட்டுக் கதவை உடைத்து, அவன் தாயின் தலையில் தாக்குகின்றான். ‘அ’ உலக்கையை எடுத்து வாசற்படியில் நின்று ஓங்குகின்றான். ‘க’வின் முன்கை முறிகின்றது. வந்தவர்கள் ஓடிவிடுகின்றனர். ‘அ’ துரத்தவில்லை.

இவ்வளவில் ‘அ’ குற்றம் செய்யாதவன். சட்டத்தின் ஒவ்வொரு சொல்லும் அவன் பக்கத்தில் நிற்கின்றது. ஆனால் கதை இங்கே முடிவதில்லை.

அன்றிரவே ‘க’வை அவன் உறவினர் அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்கின்றனர். தெரிந்த நபர் ஒருவரால் உலக்கையால் தாக்கப்பட்டதாக விபத்துப் பதிவேட்டில் மருத்துவர் எழுதிக்கொள்கின்றார். தகவல் காவல் நிலையத்துக்குப் போகின்றது. காவலர் வந்து வாக்குமூலம் பெறுகின்றனர். விடியுமுன் முதல் தகவல் அறிக்கை பதிவாகி விடுகின்றது. ‘அ’வின் தாயோ, காயத்தில் மஞ்சளைக் குழைத்து அப்பிக்கொண்டு, தலையில் துணி சுற்றி வீட்டுக்குள்ளே படுத்திருக்கின்றாள். மருத்துவமனைக்குப் போனால் வழக்காகும் என்று அச்சம். மூன்றாம் நாள் மகனைக் காவலர் தேடி வந்த பிறகே அவள் புகார் கொடுக்கப் போகின்றாள். இப்போது அவள் கொடுப்பது ‘எதிர்வழக்கு’. அவள் காயம் ‘பழைய காயம்’. பதிவேட்டின் வரிசைப்படி முதலில் அடித்தவன் அவள் மகன்.

அவையோரே, உலக்கையை எடுத்தபோது ‘அ’ தன் உரிமையை இழக்கவில்லை. அவ்வுரிமையை அவன் இழந்தது பின்வந்த மூன்று நாட்களில். எழுத வேண்டிய நேரத்தில் எழுதாமல் இருந்ததனால். இந்த விழாவில் நாம் சொல்ல விரும்பும் செய்தி இதுவே: தடுத்த கை, தடுத்த அன்றே எழுதவும் வேண்டும்.

இதற்குச் சட்டக் காரணம் ஒன்று உண்டு. குற்றத்தை மெய்ப்பிக்கும் பொறுப்பு அரசுத் தரப்பைச் சார்ந்தது. ஆனால் என் செயல் தற்காப்பு என்னும் விதிவிலக்கில் அடங்கும் என்று காட்டும் பொறுப்பைச் சாட்சியச் சட்டம் எதிரியின்மேல் வைக்கின்றது. பழைய சட்டத்தின் 105ஆம் பிரிவு அது. 2023ஆம் ஆண்டுச் சட்டத்தில் 108ஆம் பிரிவு. இச்சுமை சிறியதே. ஐயத்துக்கு இடமின்றி நிறுவ வேண்டியதில்லை. அவ்வாறு நடந்திருக்கக் கூடும் என்பதே மேலோங்கி நின்றாற் போதும். எதிரி தானே சாட்சி சொல்லாவிடினும், அரசுத் தரப்புச் சாட்சிகளின் வாயிலிருந்தே அதனைக் காட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் முன்ஷிராம் வழக்கில் கூறியுள்ளது. எதிரியின் உடம்பில் இருந்த பெருங்காயங்களுக்கு அரசுத் தரப்பு விளக்கம் தராவிட்டால், அத்தரப்பு உண்மையை மறைக்கின்றது என்று கருத இடமுண்டு என 1976இல் லட்சுமி சிங் வழக்கில் கூறியுள்ளது. தாக்கப்படும்போது சட்டத்தை மதிக்கும் குடிமகன் கோழையாக ஓட வேண்டும் என்று சட்டம் எதிர்பார்க்கவில்லை என 2010இல் தர்சன் சிங் வழக்கில் தெளிவாக்கியுள்ளது. இத்தீர்ப்புகள் எல்லாம் நமக்கும் உரியவை. ஆனால் காயம் பதிவாகியிருந்தாலன்றோ அதற்கு விளக்கம் கேட்க முடியும்? வீட்டிலேயே ஆறிப்போன காயம் நீதிமன்றத்தில் இல்லாத காயம்.

எதிர்வழக்கின் மற்றொரு பயனையும் நாம் அறிதல் வேண்டும். 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் நாம் கொடுக்கும் புகாருக்கு எதிராக, தராசின் மறுதட்டில் வைக்கும் கல்லாக அது பயன்படுகின்றது. “நீங்கள் உங்கள் வழக்கை விடுங்கள், நாங்கள் எங்கள் வழக்கை விடுகின்றோம்” என்று ராஜிப் பேச்சு தொடங்கும். படிக்கின்ற மகனின் எதிர்காலத்தை எண்ணித் தாய் தன் தலைக்காயத்தை மறந்துவிடுகின்றாள். நீதி இவ்வாறு பண்டமாற்றாகிப் போகின்றது. உண்மையில் இத்தகைய இருதரப்புப் புகார்களில் புலனாய்வு அலுவலர் இரண்டையும் விசாரித்து, வலிந்து தாக்கியவர் மீதே குற்றப்பத்திரிகை அளிக்க வேண்டும். இரண்டும் பொய்யெனக் கண்டால் இரண்டையும் முடித்துவிட வேண்டும் என்பது தமிழ்நாட்டுக் காவல் நிலையாணை சொல்லும் முறை. இரு பக்கமும் ஒவ்வொரு வழக்குப் போட்டுச் சமன் செய்வது அந்த முறையன்று. இதனை நம் ஊர்களில் எத்தனை பேர் அறிவர்?

சட்டம் ஏட்டில் இருந்தும் பயன்படாமற் போனதற்குக் கீழ்வெண்மணியினும் கொடிய சான்று வேண்டுவதில்லை. 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்ட உழவுத் தொழிலாளரின் குடும்பத்தார் 44 பேர், பெண்களும் குழந்தைகளும் முதியவர்களுமாக, ஒரே குடிசையில் எரிந்து மாண்டனர். குடியிருப்புக்குத் தீ வைப்போரை எவ்வெல்லைவரை எதிர்க்கலாம் என்று அன்றும் சட்டம் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. தீ வைத்த வழக்கில் கீழ்நீதிமன்றம் தண்டித்த நிலவுடைமையாளர்களைச் சென்னை உயர் நீதிமன்றம் 1973இல் விடுதலை செய்தது. அதே நாள் மோதலில் நிலவுடைமையாளர் தரப்பில் ஒருவர் இறந்ததற்காகத் தொழிலாளர் சிலர் தண்டனை பெற்றனர். இரண்டு வழக்குகளையும் அருகருகே வைத்துப் பார்க்கின்றவர்க்கு நம் பெரியவர்களின் அச்சம் எங்கிருந்து பிறந்தது என்பது விளங்கும்.

ஆயினும் அச்சத்தோடு நின்றுவிட வேண்டியதில்லை என்பதற்கு வாச்சாத்தி சான்று. தருமபுரி மாவட்டத்தில் பழங்குடி மக்கள் வாழும் அவ்வூரில் 1992 சூன் 20 அன்று வனத்துறையினரும் காவல்துறையினரும் வருவாய்த்துறையினரும் புகுந்தனர், வீடுகளை நொறுக்கினர், பெண்கள் 18 பேரை வன்கொடுமை செய்தனர். சீருடையணிந்தோர் கூட்டமாய் வந்த இடத்தில் கையால் எதிர்க்க வழியில்லை. ஆனால் அப்பெண்கள் நாவால் எதிர்த்தனர். ஆண்டுக்கணக்கில் அலைந்து, அடையாளம் காட்டி, கூண்டிலேறிச் சொன்னார்கள். 2011இல் தருமபுரி நீதிமன்றம், குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேரில் இறந்தவர் 54 பேர் நீங்கலாக, எஞ்சிய 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. 2023இல் உயர் நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. முப்பத்தொரு ஆண்டு என்பது நீதிக்குப் பெருமை தரும் காலமன்று. எனினும் சொன்ன சொல்லை மாற்றாது நின்றவர்கள் வென்றார்கள்.

அண்ணல் அம்பேத்கரின் வாழ்விலிருந்தும் ஒன்று கற்போம். 1927 மார்ச் 20 அன்று மகாடு நகரத்துச் சவுதார் குளத்தில் தண்ணீர் பருகிய மக்கள், அன்றே சாதி இந்துக்களால் தாக்கப்பட்டனர். திருப்பித் தாக்கத் தோள்வலி மிக்க இளைஞர்கள் அவர் சொல்லுக்காகக் காத்திருந்தனர். அவர் அவர்களை அடக்கினார். காவல் அதிகாரிகளிடம் முறையிட்டு வழக்கு நடக்கச் செய்தார். தாக்கியோர் சிலர் தண்டிக்கப்பட்டனர். அடக்கினார் என்பதனால் அடங்கிப் போகச் சொன்னார் என்று யாரும் கருதற்க. அதே அம்பேத்கர் 1936இல் ‘சாதி ஒழிப்பு’ நூலில், படைக்கலம், வாக்குரிமை, கல்வி ஆகிய மூன்றும் மறுக்கப்பட்டதனாலேயே இந்நாட்டு அடித்தள மக்கள் எழ முடியாமற் போயினர் என்று எடுத்துக்காட்டினார். அம்மூன்றனுள் கல்வி என்னும் கருவியை ஏந்தி நிற்கின்ற சங்கம் இது.

வன்கொடுமைத் தடுப்பு விதிகள் 1995இல் ஒரு செய்தி உண்டு. வன்கொடுமை நிகழக்கூடிய பகுதிகளில் உயிருக்கும் உடைமைக்கும் பாதுகாப்பாகத் தேவையெனக் கருதினால், பட்டியல் சாதியினர்க்கும் பழங்குடியினர்க்கும் படைக்கல உரிமம் வழங்கலாம் என்று மூன்றாம் விதி கூறுகின்றது. நாம் துப்பாக்கி கேட்க வரவில்லை. ஆனால் தற்காத்துக்கொள்ளும் தேவை நம் மக்களுக்கு உண்டு என்பதை அரசே தன் விதியில் ஒப்புக்கொண்டிருக்கின்றது என்பதனை, நம்மைக் கலகக்காரர் என்போர் தெரிந்துகொள்ளட்டும்.

இனி, செய்ய வேண்டியவற்றைச் சொல்லி முடிக்கின்றோம். தாக்குதல் நடந்தால் தாமதமின்றி அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். தாக்கியவர் எத்தனை பேர், தெரிந்தவரா, எதனால் அடித்தார், எங்கே, எப்போது என்பவற்றை மருத்துவரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். பிந்தைய வழக்கு முழுவதும் அந்த ஒரு வரியில் தொங்கும். 112 என்னும் எண்ணை அழையுங்கள். காவலரை நாட நேரம் இருந்ததா என்ற வினாவுக்கு அந்த அழைப்பே விடையாகும். புகாரை அன்றிரவே எழுதிக் கொடுத்து, முதல் தகவல் அறிக்கையின் படியைக் கட்டணமின்றிக் கேட்டுப் பெறுங்கள். பதிய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அஞ்சலில் அனுப்புங்கள். அதற்கும் பயனில்லையேல் நீதித்துறை நடுவரிடம் செல்லுங்கள். வன்கொடுமை வழக்கைத் துணைக் கண்காணிப்பாளர் நிலையிலுள்ள அலுவலரே புலனாய்வு செய்ய வேண்டும் என்பதையும், கடமை தவறும் அலுவலர்க்குத் தண்டனை உண்டு என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள். கைதாகி நடுவர் முன் நிறுத்தப்பட்டால், உங்கள் உடம்பிலுள்ள காயத்தை அங்கேயே காட்டுங்கள்.

எல்லாவற்றினும் முதன்மையாக ஒன்று: நீங்கள் அடித்ததை மறைக்காதீர்கள். “நான் அங்கே இல்லவே இல்லை” என்று சொல்லிவிட்டு, பிறகு “தற்காப்புக்காக அடித்தேன்” என்றால் எந்த நீதிபதி நம்புவார்? வழக்கறிஞரைக் கலந்து, நடந்ததை நடந்தபடி சொல்லும் துணிவு வேண்டும். கதவருகே நின்று தாயைக் காத்தவன் அதனைச் சொல்ல ஏன் நாணுதல் வேண்டும்?

சங்கத்துக்கு நாம் வைக்கும் வேண்டுகோள் சிறியது. வெள்ளி விழா ஆண்டின் நினைவாக, ஒவ்வொரு மாலைப் பள்ளியிலும் மாதம் ஒரு நாள் சட்டப் பாடம் நடைபெறட்டும். நம் பிள்ளைகள் புகார் எழுதிப் பழகட்டும். எழுத்தறியாத தாய்மார்க்குப் பதினைந்து வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி அந்த இரவில் உடன் சென்று எழுதித் தருவாளாயின், இருபத்தைந்து ஆண்டு நடத்திய பள்ளிக்கு அதுவே பயன்.

பெரியவர்களுக்கு ஒரு சொல்: பிள்ளைகளைப் பணியச் சொல்லாதீர்கள், எல்லையைச் சொல்லிக் கொடுங்கள். இளைஞர்களுக்கு ஒரு சொல்: தடுக்கத் தயங்காதீர்கள், துரத்தாதீர்கள், தடுத்தபின் வீட்டுக்குள் ஒளியாதீர்கள். வாசற்படி வரை உங்கள் கை காக்கட்டும். அதற்கப்பால் உங்கள் எழுத்து நடக்கட்டும்.